விட்டுப்போன அமலுக்குத் திரும்புவது எப்படி?

  

 

ரமளான் நம்மை விட்டுப் போய் மாதங்கள் சில ஓடிவிட்டன. அந்த மாதத்தில் நாம் ஒவ்வொருவரும் நிய்யத் வைத்தோம். இனி ஃபஜ்ர் ஜமாஅத்தை விடமாட்டேன், தினமும் குர்ஆன் ஓதுவேன், பீடியைத் தொடமாட்டேன், வாங்கிய கடனை மாதாமாதம் கொஞ்சமாவது அடைப்பேன், மனைவி மக்களிடம் கோபப்படமாட்டேன். யார் யார் என்ன நிய்யத் வைத்தோம் என்று நமக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். அதில் எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்பதும் நமக்குத் தெரியும். விழுந்ததை எடுத்து நிறுத்துவது பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

சூரத்துல் ஹஷ்ரின் 18ஆவது வசனத்தில் அல்லாஹ் ஈமான் கொண்டவர்களை அழைத்து, ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காகத் தான் என்ன அனுப்பி வைத்திருக்கிறது என்று பார்த்துக் கொள்ளட்டும் எனக் கட்டளையிடுகிறான். நம்மை நாமே கணக்குப் பார்ப்பதற்கு உலமாக்கள் முஹாஸபா என்று பெயர் வைத்ததற்கு இந்த ஆயத்தே அடிப்படை. உமர் (ரலி) அவர்கள், நாளை நீங்கள் கணக்குக் கேட்கப்படும் முன் இன்றே உங்களை நீங்கள் கணக்குக் கேட்டுக் கொள்ளுங்கள் என்று மக்களுக்குச் சொல்லி வந்தார்கள். ஹிஜ்ரி 505இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் இதற்கென்றே ஒரு பாடம் ஒதுக்கி, வியாபாரத்தை உதாரணமாகக் காட்டுகிறார்கள். அறிவு முதலாளி, நஃப்ஸ் கூட்டாளி. கூட்டாளியிடம் முதலைக் கொடுத்து நிபந்தனை பேசுவோம், வேலை நடக்கும்போது ஒரு கண் வைத்திருப்போம், பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்போம். அப்படித்தான் நஃப்ஸிடமும் நடக்க வேண்டும் என்கிறார்கள்.

கணக்குப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம்.

ஒரு சகோதரர் வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. "ஹள்ரத், ரமளான்ல தினம் ஒரு ஜுஸ்உ ஓதினேன். பெருநாளைக்குப் பிறகு பத்து நாள் ஓடுச்சு. அப்புறம் விட்டுப் போச்சு. இப்ப குர்ஆனை எடுக்கவே கூச்சமா இருக்கு. நானெல்லாம் என்ன முஸ்லிம்? எனக்கு இதெல்லாம் வராது ஹள்ரத்" என்றார்.

சகோதரர்களே, அவர் தன்னைக் கடுமையாகக் கணக்குக் கேட்டுக் கொண்டதாக நினைக்கிறார். கவனித்துப் பாருங்கள், அந்தப் பேச்சில் கணக்கு எங்கே இருக்கிறது? எந்த நாள் நின்றது? எதனால் நின்றது? நைட் ஷிஃப்ட் மாறிய வாரமா, காய்ச்சல் வந்த வாரமா, கையில் செல்போன் ஏறிய வாரமா? இருபது பக்கம் முடியாவிட்டால் இரண்டு பக்கமாவது முடிந்திருக்குமா? ஒன்றுக்கும் பதில் இல்லை. "எனக்கு வராது" என்பது தீர்ப்பு. கணக்கைத் திறக்காமலே எழுதிய தீர்ப்பு.

கடையில் கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் முதலாளி என்ன செய்வார்? சிட்டையை எடுத்துப் புரட்டுவார், எந்த இடத்தில் குறைந்தது என்று தேடுவார். "இந்தக் கடையே உருப்படாது" என்று ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறவரை யாராவது கணக்கில் கறாரான ஆள் என்று சொல்வோமா? நம்மை நாமே ஏசிக் கொள்வது பல நேரம் கணக்குப் பார்ப்பதிலிருந்து தப்பிக்கிற வழிதான். ஏசி முடித்ததும் ஏதோ தண்டனை அனுபவித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. குர்ஆன் மட்டும் அலமாரியிலேயே இருக்கிறது.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இந்த ஏச்சின் வார்த்தையைக்கூட விட்டு வைக்கவில்லை. அக்காலத்து அரபிகள் மனம் சோர்ந்து, உடல் கனத்துப் போனால் தன் நஃப்ஸ் கெட்டுவிட்டது என்ற கருத்தில் 'கபுஸத்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அதில் கேடு, அசிங்கம் என்ற பொருள் இருக்கிறது. உங்களில் யாரும் தன் நஃப்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டாம், 'லகிஸத்' என்று சொல்லட்டும் என்று நபியவர்கள் தடுத்தார்கள். (புகாரி, முஸ்லிம்) ஏறக்குறைய ஒரே நிலையைக் குறிக்கும் சொற்கள் இரண்டும். ஒன்று நான் கெட்டவன் என்கிறது, மற்றது எனக்குச் சோர்வாக இருக்கிறது என்கிறது. சோர்வை மறைக்கச் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லலாம். தன்னை அசிங்கம் என்று முத்திரை குத்திக் கொள்ளத்தான் அனுமதியில்லை. "நான் தண்டம்", "என் புத்தியை செருப்பால அடிக்கணும்" என்றெல்லாம் நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை இந்த ஹதீஸின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கைபரிலிருந்து திரும்பி வந்த அந்த இரவுக்கு வாருங்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. படை இரவெல்லாம் நடந்து களைத்துவிட்டது. ஓரிடத்தில் இறங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் நமக்காக இரவைக் காவல் காக்கும்படி ஒப்படைத்துவிட்டு உறங்கினார்கள். பிலால் (ரலி) தம்மால் முடிந்தவரை தொழுதார்கள். ஃபஜ்ர் நெருங்கியபோது கிழக்குத் திசையைப் பார்த்தபடி தமது ஒட்டகத்தில் சாய்ந்தார்கள், கண் அயர்ந்துவிட்டது. வெயில் உடம்பில் பட்ட பிறகுதான் எழுந்தார்கள். முதலில் விழித்தவர்கள் அல்லாஹ்வின் தூதர்தான். ஃபஜ்ர் நேரம் போய்விட்டது.

யோசியுங்கள். தூங்கிப் போனவர்கள் யார்? ஸஹாபாக்கள். காவலுக்கு நின்றவர் யார்? முஅத்தின் பிலால். நம் வீட்டில் அலாரம் வைக்கச் சொன்ன பிள்ளை மறந்துவிட்டால் எத்தனை பேச்சுப் பேசுவோம்? அங்கே பிலாலே என்று ஓர் அழைப்பு. தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்ற கருத்தில் பிலாலின் பதில். அதற்குமேல் விசாரணை இல்லை. இது ஷைத்தான் நம்மிடம் வந்துவிட்ட இடம் என்று காரணத்தைச் சொல்லி, அங்கிருந்து சற்று நகரச் சொன்னார்கள். நகர்ந்தார்கள். தண்ணீர் வரவழைத்து உளூ செய்தார்கள், ஸுப்ஹுத் தொழுகையை நடத்தினார்கள். மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்று சட்டமும் சொன்னார்கள். (முஸ்லிம்)

அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு பயணத்திலும் இது போலவே நடந்தது. அன்று பிலால் பாங்கு சொன்னார்கள், நபியவர்கள் முன் சுன்னத் இரண்டு ரக்அத் தொழுதார்கள், பிறகு தினமும் எப்படித் தொழுவார்களோ அப்படியே ஃபஜ்ரைத் தொழ வைத்தார்கள் என்று அந்த அறிவிப்பில் வருகிறது. தினமும் போலவே! அவசர அவசரமாக அல்ல, தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு அல்ல. பிறகு வாகனத்தில் போகும்போது ஸஹாபாக்கள் ஒருவருக்கொருவர் மெதுவாகப் பேசிக் கொண்டார்கள்: நாம் செய்த இந்தக் குறைக்கு என்ன பரிகாரம்? அதற்கு நபி (ஸல்) அவர்கள், என்னிடம் உங்களுக்கு முன்மாதிரி இல்லையா என்று கேட்டார்கள். உறக்கத்தில் குறை இல்லை, அடுத்த தொழுகையின் நேரம் வரும்வரை தொழாமல் இருப்பவரிடம்தான் குறை இருக்கிறது என்று தெளிவுபடுத்தினார்கள். (முஸ்லிம்)

விட்டுப்போனதற்கு வருத்தம் இருந்தது. வருத்தம் இல்லாவிட்டால் பரிகாரம் எது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வருத்தத்தை நபியவர்கள் ஒரு வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள்: இடத்தை மாற்று, உளூ செய், தொழு. மறதியால் விட்ட தொழுகைக்கு அதைத் தொழுவதைத் தவிர வேறு பரிகாரமே இல்லை என்றும் ஹதீஸில் வருகிறது. (புகாரி) அந்த இடத்தை விட்டு நகரச் சொன்னதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அதே கட்டில், அதே செல்போன், அதே நண்பர் கூட்டம், அதே டீக்கடை பெஞ்சு. இடம் மாறாமல் மனம் மட்டும் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

காஞ்சிபுரத்துக்கும் மாகறலுக்கும் இடையே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். பட்டுத் தறியில் பாவு என்பது பல ஆயிரம் இழை. நெய்யும்போது ஓர் இழை அறுந்துவிடும். அறுவது அதிசயமில்லை, தறி என்றால் இழை அறும். நெசவாளி என்ன செய்வார்? தறியை நிறுத்துவார். எந்த இழை என்று கண்டுபிடிப்பார். இத்தனை ஆயிரத்தில் அந்த ஒன்றைச் சரியாகப் பிடிக்க வேண்டும், பக்கத்து இழையைப் பிடித்தால் வேலை கெட்டது. பிடித்த முனையை மெதுவாக இழுத்து, துண்டு இழை சேர்த்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்துவிட்டு மறுபடி மிதியில் காலை வைப்பார். ஓர் இழை போனதற்காகக் கோபப்பட்டுப் பாவையே அறுத்து எறிந்த நெசவாளியை நான் கேள்விப்பட்டதில்லை. கோபத்தில் வெடுக்கென்று இழுத்தாலும் பட்டு இழை அங்கேயே மறுபடி அறும். அந்த வேலையில் கண் கறாராக இருக்கும், கை மெதுவாக இருக்கும். முஹாஸபா அப்படித்தான்.

சூரத்துந் நஹ்லின் 92ஆவது வசனத்தில் அல்லாஹ் ஒரு பெண்ணை உவமையாகச் சொல்கிறான். நூலை நன்றாக முறுக்கி உறுதியாக நூற்றுவிட்டு, பிறகு தானே அதைப் பிரித்துச் சிதைத்தவள். அவளைப் போல் ஆகிவிடாதீர்கள் என்கிறான். சத்தியத்தை, உடன்படிக்கையை முறிப்பவர்களுக்காக வந்த உவமை அது. நாம் இங்கே ஒன்றைப் படித்துக் கொள்ளலாம். இழை தானாக அறுந்தவரை அந்தப் பெண்ணோடு ஒப்பிட முடியாது. ஒரு வாரம் ஃபஜ்ர் தவறிவிட்டது என்பதற்காக மீதி நான்கு தொழுகையையும் விட்டுவிடுகிறவர் இருக்கிறாரே, ஒரு பீடி பிடித்துவிட்டேன், இனி என்ன என்று கட்டோடு வாங்குகிறவர் இருக்கிறாரே, அவர்தான் தன் நூலைத் தானே பிரிக்கிறார்.

இவ்வளவு சொல்வதால் எல்லாம் லேசு, பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விட்ட ஃபர்ளு தொழுகை கடன். களா செய்தே ஆக வேண்டும். எத்தனை வக்து என்று உத்தேசமாகவாவது எழுதி வைத்து, ஒவ்வொரு ஃபர்ளோடும் ஒன்றாகத் தொழுது கழிக்கலாம். அடியார்களின் ஹக் அதைவிடக் கடினம். ஒருவரிடம் வாங்கிய ஐயாயிரத்தைத் திருப்பித் தராமல், "என்னை நான் மன்னித்துவிட்டேன்" என்று சொன்னால் அதற்குப் பெயர் மென்மையா? கொடுத்தவர் மன்னித்தாரா என்பதல்லவா கேள்வி! கடன்காரரைப் பார்த்துச் சந்து மாறிப் போவதை நிறுத்திவிட்டு, இந்த மாதம் ஐந்நூறு தருகிறேன் என்று நேரில் போய்ச் சொல்வதுதான் அங்கே திரும்புதல். வெட்கத்தால் ஒளிவதை நாம் ஏதோ அடக்கம் என்று நினைக்கிறோம். கடன் கொடுத்தவருக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை.

நஃபிலான அமல்களில் அல்லாஹ்வின் ரஹ்மத் எவ்வளவு விசாலமானது என்பதற்கு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸைப் பாருங்கள். இரவில் தான் வழக்கமாக ஓதும் பங்கையோ அதில் ஒரு பகுதியையோ ஓதாமல் ஒருவர் உறங்கிவிட்டார். மறுநாள் ஃபஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையில் அதை ஓதிவிட்டால், இரவிலேயே ஓதியது போல அவருக்கு எழுதப்படுகிறது. (முஸ்லிம்) தாமதக் கட்டணம் இல்லை, சகோதரர்களே! கரண்ட் பில் ஒரு நாள் தாண்டினால்கூட நம்மைச் சும்மா விடுவதில்லை. நபி (ஸல்) அவர்களே உறக்கத்தாலோ உடல் வலியாலோ இரவுத் தொழுகை தவறினால் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்) அந்த ஒரகடம் சகோதரருக்கு இந்த ஹதீஸைத்தான் சொன்னேன். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கும் முன் ஓதுங்கள், உங்கள் இரவுப் பங்கு அதில் வந்துவிடும் என்று.

எவ்வளவு ஓதுவது என்று கேட்டார். கணக்குப் போட்டோம். நம் கையில் உள்ள மதீனா முஸ்ஹஃப் 604 பக்கம். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்றால் 151 நாளில் ஒரு கத்தம். அதுவும் முடியாது, ஒரு பக்கம்தான் என்றாலும் இருபது மாதத்தில் முடிகிறது. விட்டுவிட்டு அடுத்த ரமளானுக்குக் காத்திருந்தால்? அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்வதே என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஹதீஸ். கேட்கிறோம், ஆனால் திரும்பி வரும்போது மட்டும் பழைய இருபது பக்கத்திலேயே தொடங்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறோம். இரண்டாம் நாளே முதுகு வலிக்கும், மூன்றாம் நாள் மறுபடி விட்டுப் போகும். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக் கொள்ளப் பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருந்தார்கள். நபியவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், சோர்ந்தால் உட்காரட்டும் என்றார்கள். (புகாரி)

காரணத்தைப் பார்ப்பதும் கணக்கின் ஒரு பகுதிதான். மழைக்காலத்தில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது, அதற்காக நெசவாளியைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. ஓர் அடியார் நோயாளியானாலோ பயணத்தில் இருந்தாலோ, ஊரில் ஆரோக்கியமாக இருந்தபோது செய்து வந்த அமலின் நன்மை அவருக்கு எழுதப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். (புகாரி) பிள்ளை பெற்ற வீட்டுச் சகோதரிகள், படுத்த படுக்கையான தாய் தகப்பனைக் கவனிப்பவர்கள் இந்த ஹதீஸை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு இந்த ஹதீஸைத் தேடி எடுக்கிறவர்களுக்கு இது இல்லை. அது எந்த வகை என்று அவரவருக்குத் தெரியும்.

அபராதம் போட்டுக் கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மாணவர், எகிப்தின் அறிஞர் இப்னு வஹ்ப் (ரஹ்) அவர்கள் புறம் பேசுவதை விட நினைத்தார்கள். ஒருவரைப் புறம் பேசினால் ஒரு நாள் நோன்பு என்று தமக்குத் தாமே விதித்துக் கொண்டார்கள். என்ன ஆனது? நோன்பு பழகிவிட்டது, புறமும் நடந்தது, நோன்பும் நடந்தது! பிறகு யோசித்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு திர்ஹம் ஸதகா என்று மாற்றினார்கள். காசின் மேல் உள்ள ஆசை வேலை செய்தது, புறம் பேசுவது விட்டுப் போனது என்று அவர்களே சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய அறிஞர், முதல் வழி பலிக்கவில்லை என்றதும் வழியை மாற்றிப் பார்த்தார்கள். தன் நஃப்ஸ் எதற்கு அசையும் என்று அறிந்து அதற்கேற்ப நடந்தார்கள். போட்ட அபராதத்தையும் பாருங்கள், ஒன்று நோன்பு, மற்றது தர்மம். இரண்டும் நன்மை.

பெற்றோர்களுக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பையன் ஆறு மாதம் கழித்து இன்று பள்ளிவாசலுக்கு வந்திருப்பான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி. விளையாட்டாகத்தான் கேட்கிறோம். அவன் எத்தனை நாள் தயங்கித் தயங்கி இன்று கிளம்பினான் என்று நமக்குத் தெரியுமா? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டு வரப்பட்ட ஒருவர் இருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்றார்கள். உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்றும் சொன்னார்கள். (புகாரி) தண்டனை உண்டு, சாபம் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். ஹிஃப்ளை விட்ட பிள்ளை மறுபடி ஓத உட்கார்ந்தால், விட்ட இரண்டு வருஷத்தைச் சொல்லிக் காட்டாமல் எந்த சூராவிலிருந்து ஓதுகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

சூரத்துஸ் ஸுமரின் 53ஆவது வசனத்தில், தங்களுக்குத் தாங்களே வரம்பு மீறிக் கொண்டவர்களை அல்லாஹ் அழைக்கிறான். வரம்பு மீறியவர்களே என்று மட்டும் அழைத்திருக்கலாம். என் அடியார்கள் என்று தன்னோடு சேர்த்து அழைத்து, என் ரஹ்மத்தில் நிராசை அடையாதீர்கள் என்கிறான். படைத்தவன் அப்படி அழைக்கும்போது நமக்கு நாமே வைத்துக் கொள்ளும் பெயர்கள் என்ன தகுதியில் வருகின்றன?

மாகறலை ஒட்டிப் போகும் செய்யாற்றைப் பாருங்கள். பல மாதம் வெறும் மணல்தான் தெரியும். மழை இறங்கினால் தண்ணீர் அதே தடத்தில் வருகிறது, தடத்தைப் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. ரமளானில் நீங்கள் ஓதியது, நின்றது, அழுதது எல்லாம் போட்ட தடம். அது அழிந்துவிடவில்லை.

இன்று இஷா தொழுதுவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் விட்டுப்போன ஓர் அமலை மட்டும் எழுதுங்கள். எந்த வாரம் நின்றது, எதனால் நின்றது என்று இரண்டு வரி. ஃபர்ளு என்றால் களாவின் எண்ணிக்கை, கடன் என்றால் தொகையும் கொடுத்தவர் பெயரும், நஃபில் என்றால் நாளையிலிருந்து செய்யக்கூடிய மிகச் சிறிய அளவு. அந்தத் தாளில் உங்களைப் பற்றி ஒரு ஏச்சும் இருக்க வேண்டாம். எழுதிய பிறகு உளூ செய்து இரண்டு ரக்அத் தொழுது தவ்பா கேட்டுவிட்டுத் தூங்குங்கள். ஃபஜ்ருக்கு அலாரம் வைத்த செல்போனைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் களாக்களை நிறைவேற்றவும், எங்கள் கடன்களை அடைக்கவும் எங்களுக்கு வழியைத் திறப்பாயாக! மூடி வைத்த குர்ஆனை இன்று திறக்கும் கைகளை உன் ரஹ்மத்தால் ஏற்றுக் கொள்வாயாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.